‘ஆர்கானிக்’ என்று அச்சடித்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் காட்பாடியில் ஒரு கடையில் அரைக் கிலோ சாமை வாங்கினேன். பாக்கெட்டில் பச்சை இலைப் படம், பெரிதாக ‘ஆர்கானிக்’. திருப்பிப் பார்த்தால் சான்று எண்ணும் இல்லை, இயற்கை விளைபொருளுக்கான ‘ஜைவிக் பாரத்’ அரசு முத்திரையும் இல்லை. “மலையில விளைஞ்சது சார், அதுக்கு எதுக்கு முத்திரை?” என்றார் கடைக்காரர். விலை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

2017-ஆம் ஆண்டின் ஆர்கானிக் உணவு விதிமுறைகளின்படி, சிறு விவசாயி நேரடியாக நம்மிடம் விற்றால் சான்று கட்டாயமில்லை. பாக்கெட் போட்டுக் கடையில் விற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சர்க்கரை வந்து சோற்றைக் குறைத்த பிறகுதான் நானே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு, இந்த ஊர் விளைச்சல் என்று காட்டும் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது. காம்பைப் பிடித்தால் முள் குத்தும், ஊர் தெரிந்துவிடும். ஆனால் மருந்து அடித்ததா இல்லையா என்பதை முள் சொல்லாதே!

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இந்தக் கடைகளுக்கும் ஒரு நடை வர வேண்டும். அப்படியே, உழவர் சந்தையில் இயற்கை விவசாயிகளுக்கு நாலைந்து கடைகளைத் தனியாக ஒதுக்கினால் நாங்கள் அவர்களிடமே வாங்கிக்கொள்வோம்.

- ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்