அண்ணனுக்கு, அலமாரிக் கதவு விஷயமாக

அண்ணா,

நீ அலை வரைந்த அலமாரிக் கதவைக் கழற்றி, நீ கேட்டபடி மெல்பர்னுக்கு அனுப்ப முடியாது. விசாரித்தேன், அனுப்பும் செலவில் நீ அங்கேயே புது அலமாரி வாங்கிவிடலாம். வீட்டை வாங்குபவர்கள் அலமாரியும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். நானே முடிவு செய்துவிட்டேன், மன்னித்துக்கொள். கலந்து பேச இங்கே யார் இருந்தார்கள்?

சித்தி இதைப் படிப்பார். அதனால் மருத்துவமனை விஷயம் எதையும் இங்கே எழுதவில்லை.

சாமான்களைக் கட்டும்போது, நீ அந்த அலையை வரைந்த மத்தியானம்தான் திரும்பத் திரும்ப வந்தது. பிராஸ் பாசாவில் வாங்கிய பெயிண்ட் மார்க்கர்கள். ஃபேனை நிறுத்திவிட்டாய். காற்றுப்பட்டால் சட்டென்று காய்ந்துவிடும், அப்புறம் நிறம் நிறத்தோடு சேராது என்றாய். சிங்கப்பூர் வெயிலில், பிடோக் வீட்டின் மூடிய அறையில்! அடர்நீலத்தைக் கொஞ்சமாகப் போட்டு, ஈரம் போகுமுன் பக்கத்திலேயே டர்க்காய்ஸ் போட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தை விரலால் இழுத்தாய். வெளிர்நிற முனையில் நீலம் ஒட்டினால் உடனே பழைய தாளில் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொன்னாய். வெள்ளையை மட்டும் என்னைத் தொடவிடவில்லை. ஈரநீலத்தில் வெள்ளை பட்டால் நுரை வராது, வெறும் வெளிர்நீலம்தான் வரும். காய்ந்த பிறகுதான் நுரை. அதற்காகக் காத்திருந்தபோது அம்மா மைலோ கொண்டுவந்து, "ரெண்டு பேரும் வெந்துபோறீங்களா?" என்றார். உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு அழகாக இருந்தாய், அண்ணா.

சரி, இப்போது நீ கோபப்படப்போகும் பகுதி. கதவின் பாதியை மாற்றிவிட்டேன்.

அலைக்குள் மஞ்சள் வரக் கூடாது, குளிர்ந்த நிறங்கள் மட்டும்தான் என்று சொல்லிவைத்திருந்தாய். ஆனால் ஈஸ்ட் கோஸ்ட்டில் அப்படி நீலக்கடல் எங்கே இருக்கிறது? 1966-இல் தொடங்கிய, கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணியில், பிடோக் குன்றுகளையும் வெட்டிக் கொட்டி உண்டாக்கிய கரை அது. நீர் கலங்கல் பச்சை, தூரத்தில் வரிசையாகக் கப்பல்கள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போய் நான் பார்த்த கடல் அதுதான். நீ வரைந்தது எங்கேயோ போகத் துடித்தவனின் கடல். அப்போதே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.

அதனால் உன் நீலத்தின் மேல் ஆலிவ் பச்சை, சாம்பல், கொஞ்சம் மண் மஞ்சள். இந்த மார்க்கர் அடியில் இருப்பதை மறைத்துவிடும், அடர்நீலம்கூடத் தெரியவில்லை. இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மட்டும் சிரமம். உன் பக்கம் எப்போதோ காய்ந்துவிட்டதே, இழுத்துக் கலக்க வழியில்லை. டர்க்காய்ஸைச் சின்னச் சின்னக் கோடுகளாக இரண்டு பக்கமும் போட்டுச் சமாளித்தேன். உன் நுரையைத் தொடவில்லை. அதைவிட நன்றாக என்னால் போட முடியாது.

படம் அனுப்புகிறேன். பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லாதே. பிடித்திருந்தால் போன் செய், மெசேஜ் வேண்டாம்.