கோட்டை வாசல் முதல் கல்லறை வரை கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பின் பழைய படை வரலாற்றைப் பார்த்து வருகிறோம். கோட்டை மதிலின் மிச்சம், போர் நினைவுத்தூண், சிப்பாய்கள் குடியிருந்த தெரு, குண்டு விழுந்த துறைமுகம் என்று ஒவ்வொரு முறையும் ஓர் இடம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மிருகக்காட்சிசாலையையும் நூதனசாலையையும் பார்த்துவிடுகிற பிள்ளைகளுக்கு இவை புதிது. இதை நாங்கள் தனியாகச் செய்யவில்லை. கேட்டவுடன் நேரமும் உழைப்பும் கொடுத்தவர்கள் நீங்கள். ஆளாளுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டோம், ஆனால் நாலு பேர் அறியச் சொல்லவேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் ஆசை. பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டதால் எவர் பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது உங்களை உங்களுக்கே தெரியும்.

படை, முகாம், போர் என்றால் நம் வீடுகளில் பேச்சு தாழும். ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்ற தலைமுறை நாங்கள். அந்தத் தயக்கத்தோடு வளர்ந்ததால், இந்தத் தெருக்களில் 500 வருடங்களாக யார் துப்பாக்கி பிடித்தார்கள், யாருக்காகப் பிடித்தார்கள் என்ற கதையை நாங்கள் கேட்கவும் இல்லை, பிள்ளைகளுக்குச் சொல்லவும் இல்லை. கேட்கப் போனாலும் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். நீங்கள் அதைத் தமிழில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்தீர்கள். நன்றியில் பெரிய பங்கு அதற்குத்தான்.

முதலில் நூலகத்துத் தம்பிக்கு. வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து எங்களுக்காகக் குறிப்பு எடுத்தவர் அவர். இன்றைய கோட்டையில் போனால் வங்கிகளும் ஹோட்டல்களும்தான் தெரியும், மதிலைக் காணோம். 1869இல் தொடங்கி ஆங்கிலேயர் அதை இடித்துவிட்டார்கள். பிரிஸ்டல் வீதியில் ஒரு வங்கிக் கட்டடத்தை ஒட்டி ஒல்லாந்தர் காலத்து டெல்ஃப்ட் வாசல் இன்னும் நிற்கிறது. அதன் முன்னால் நின்றுகொண்டு அந்தத் தம்பி முற்றுகைக் கதையைச் சொன்னபோது, பத்து வயதுப் பிள்ளைகள்கூடப் போனை உள்ளே வைத்துவிட்டார்கள். 1655 கடைசியில் ஒல்லாந்தர் கொழும்பை வளைத்தார்கள். உள்ளே போர்த்துக்கேயர். ஏழு மாதம் போல முற்றுகை நீடித்தது, ஊருக்குள் பட்டினி, நோய். 1656 மே மாதம் நகரம் விழுந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு சேர்ந்து நின்றவன், ஆனால் பிடித்த நகரத்தை அவர்கள் அவனிடம் கொடுக்கவில்லை. “அப்போ ஏமாத்திட்டாங்களா?” என்று ஒரு சின்னவன் கேட்டான். ஆமாம் என்று தம்பி நேராகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

140 வருடங்கள் கழித்து, 1796 பெப்ரவரியில் ஆங்கிலேயர் வந்தபோது பெரிய சண்டை இல்லாமலே கோட்டை கைமாறியது. வந்த படையில் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள் என்று கேட்டதும் பிள்ளைகளின் முகம் மாறியதைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் கதை என்று கேட்டுக்கொண்டிருந்தது, சட்டென்று நம் மொழி பேசுகிறவர்களும் நடமாடிய கதையாகிவிட்டது. அவர்கள் எதிர்த்துப் போரிட்டவர்களும் அல்ல, சம்பளத்துக்குக் கடல் கடந்தவர்கள். இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசவேண்டும் என்பது என் எண்ணம். தளபதிகளுக்குச் சிலை இருக்கிறது.

அதே நாளில் ஜனாதிபதி மாவத்தையில், கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் சின்ன அறையையும் பார்த்தோம். அவரை அங்கே வைக்கவில்லை, வசதியான வீடொன்றில்தான் வைத்தார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு, அதையும் தம்பி மறைக்காமல் சொன்னார். 1815இல் பிடிபட்டு, 1816 ஜனவரியில் கப்பலேற்றப்பட்டு, வேலூரில் 1832இல் இறந்தவர் அந்த நாயக்க வம்சத்து அரசர். பாலாற்றங்கரையில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போகும் எங்கள் குடும்பங்களில் இரண்டு, அடுத்த முறை வேலூரிலும் இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் கொம்பனித்தெரு மலாய் அங்கிள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மழை தூறிக்கொண்டிருந்தது, குடைகூட இல்லாமல் பள்ளிவாசல் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தீர்கள். ஒல்லாந்தர் இரவில் அடிமைகளை அடைத்துவைத்த இடம் அந்தப் பகுதி. பிறகு ஆங்கிலேயரின் ரைஃபிள் படையில் சேர்ந்த மலாய்க் குடும்பங்கள் அங்கே வேர்விட்டன. 1873இல் படையைக் கலைத்தார்கள், குடும்பங்கள் மட்டும் அங்கேயே இருந்துவிட்டன. 1803 கண்டிப் போரில் பிடிபட்ட, ஆங்கிலேயர் படையின் மலாய்க் கப்டன் நூருதீன், அரசனின் சேவையில் சேர மறுத்ததால் சகோதரனோடு கொல்லப்பட்ட கதையை நீங்கள் சொன்ன விதம் எங்கள் யாருக்கும் மறக்காது. முதல் ஞாயிறு நாங்கள் பரிதாபப்பட்டுவிட்டு வந்த அதே அரசன், உங்கள் கதையில் கொல்லச் சொன்னவன். பிள்ளைகள் குழம்பிப் போய் நின்றார்கள். நீங்கள் அவசரப்படவில்லை. “ரெண்டும் உண்மைதான் மகன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சந்துக்குக் கூட்டிப் போனீர்கள்.

1869இல் கொழும்பிலேயே மலாய் மொழியில், அரபு எழுத்தில், பாபா யூனுஸ் சல்தீன் ஒரு பத்திரிகை நடத்தினார் என்பதையும் உங்களிடம்தான் முதன்முதலாகக் கேட்டோம். படை வரலாறு பார்க்க வந்த இடத்தில் ஒரு பத்திரிகையின் வரலாறு. பிறகு உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிளேன்டீ, அதோடு மனைவி செய்த பலகாரம். அவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அம்மம்மாவுக்கு இந்த மடலில் தனி இடம். தொண்ணூறு தாண்டிய வயதிலும் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு எங்களோடு பேசினீர்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கப்பற்படையிலிருந்து கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் காலையில் கொழும்பைத் தாக்கின. நான்கு மாதம் முன்னர் பேர்ள் ஹார்பரை அடித்த அதே தளபதி நகுமோவின் படை. முந்தின நாள் கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி லெனார்ட் பர்ச்சால் கடலில் கப்பல்களைக் கண்டு தகவல் அனுப்பியிருந்தார். அதனால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேறிவிட்டன. ஆனால் ஹெக்டர், டெனெடோஸ் என்ற கப்பல்கள் துறைமுகத்திலேயே மூழ்கின. வெளியே கடலில் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் 400க்கும் மேற்பட்டவர்களோடு போயின. அங்கொட மனநோயாளர் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. இவை நாங்கள் வாசித்துக்கொண்டு வந்தவை. நீங்கள் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது: லூசியாள் கோயிலில் பூசைக்குப் புதுச் சட்டையோடு போனது, சத்தம் கேட்டதும் அம்மா உங்களை வாங்குக்கு அடியில் தள்ளியது, அடுத்தடுத்த நாட்களில் ஊரே காலியானது, நெருக்கியடித்துக்கொண்டு யாழ்ப்பாண ரயிலில் ஏறியது, புதுச் சட்டை கிழிந்ததற்கு நீங்கள் குண்டைவிட அதிகம் அழுதது.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பையும் நீங்களாகவே சொன்னீர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு கிட்ட என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, நீங்கள் சொன்ன அளவோடு நிறுத்திக்கொண்டோம். அம்மம்மா, உங்கள் பேச்சைப் பதிவுசெய்ய அனுமதித்த உங்கள் பேத்திக்கும் நன்றி. அந்தப் பதிவைத் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம், முடிந்ததும் முதல் பிரதி உங்கள் கையில்.

அம்மம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனதால்தான் ரேஸ்கோர்ஸ் வேறு மாதிரித் தெரிந்தது. இன்று கடைகளும் றக்பி மைதானமும் இருக்கிற அந்தக் குதிரைப் பந்தயத் திடலை அன்று விமான ஓடுபாதையாக்கியிருந்தார்கள். ஹரிக்கேன் போர் விமானங்கள் அங்கிருந்தும் மேலே ஏறின.

எங்கள் மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஐயாவுக்கு அடுத்த நன்றி. அவர் சிங்களவர், இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரைக் கேட்கலாமா என்று எங்களுக்குள் பேச்சு நடந்தது, சிலருக்கு விருப்பமில்லை. அந்தத் தயக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஒருமுறை பாதுகாப்புப் பகுதி ஒன்றின் வாசலில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். விஷயம் தெரிந்ததும் ஐயா தானாகவே வந்து கதவைத் தட்டினார். கடிதத்தைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்து, எங்கே கேட்கவேண்டும் என்று சொல்லி, அடுத்த முறை கூடவும் வந்தார். விகாரமகாதேவி பூங்காவில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுத்தூணுக்குப் போனபோது தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கி வந்ததும் அவர்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு காலிமுகத்திடலில் எழுப்பிய தூண் அது. இரண்டாம் போரில் எதிரி விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். எங்களோடு நின்று அந்தப் பெயர்களை அவர் வாசித்தார், தன் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் பேசுவோம் ஐயா, அவசரமில்லை.

வன்னி அக்காவுக்கு எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. சோற்றுப் பார்சல் கட்டித் தருவேன், ஆனால் கல்லறைக்கு வரமாட்டேன் என்றுதான் நீங்கள் முதலில் சொன்னீர்கள். பிறகு வந்தீர்கள். லிவரமென்டு கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். தகனம் செய்யப்பட்ட வீரர்களின் பெயர்களுக்குத் தனி நினைவுச்சின்னமும் இருக்கிறது. பிள்ளைகள் நமக்குப் பழக்கமான பெயர் வருகிறதா என்று தேடத் தொடங்கினார்கள். பதவி பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி நினைவுகூரவேண்டும் என்பது பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் கொள்கை. 1917இல் தொடங்கியது அந்த ஆணைக்குழு. வெட்டிய புல்லையும் துடைத்த கற்களையும் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: “எங்கட பிள்ளையளின்ர கல்லுகளை மட்டும் ஏன் உடைச்சவங்கள்?” வடக்கிலும் கிழக்கிலும் போரில் இறந்த புலிகளின் கல்லறைகளான துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டதைத்தான் கேட்டீர்கள். எங்களில் எவரிடமும் பதில் இல்லை. ஆனால் இந்த நடைகளில் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிட முக்கியமானது இல்லை என்று நான் நம்புகிறேன். பிள்ளைகள் முன்னால் நீங்கள் அதைக் கேட்டதற்கு நன்றி அக்கா. அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த பணியாளர் அரைகுறைத் தமிழில் உங்களிடம் பேச வந்ததும், நீங்கள் அவருக்கும் ஒரு பார்சல் கொடுத்ததும் எல்லோரும் பார்த்தது. அவருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் பலர் இருக்கிறார்கள். எரிபொருள் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வான் ஓட்டிய கிராண்ட்பாஸ் நானா. வரைபடங்களைப் பிரதி எடுத்துத் தந்துவிட்டுக் காசே வேண்டாம் என்ற வெள்ளவத்தைக் கடைக்காரர். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் பழைய புத்தகங்களைத் தேடி எடுத்துத் தந்தவர்கள். அந்தச் சங்கம் தொடங்கியதும் அதே 1942தான் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம். வெயிலில் மயங்கிய சிறுமியை மடியில் கிடத்தி விசிறிய, எங்களுக்கு முன்பின் தெரியாத பெண்மணி. நீங்கள் இதை வாசித்தால், பிள்ளை நன்றாக இருக்கிறாள்.

அடுத்தது திருகோணமலை. பிரெட்ரிக் கோட்டை, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள், போர்க்கல்லறை மூன்றையும் பார்ப்பதாகத் திட்டம். கோணேசர் கோயில் இடிபட்ட கதையும் அந்தக் கோட்டையின் கதையும் ஒன்றுதான், அதைச் சொல்ல அங்கேயே ஓர் ஆசிரியர் முன்வந்திருக்கிறார். இரவு தங்க இடமும் பார்த்துத் தருகிறார், அவருக்கு முன்கூட்டியே நன்றி. பள்ளி விடுமுறையில் போகிறோம். வானில் இன்னும் சில இருக்கைகள் உண்டு, வர விரும்புகிறவர்கள் வழக்கம்போல நூலகத்துத் தம்பியிடம் சொல்லிவையுங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். வீட்டில் 1942ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள், பதிவுக் கருவியோடு நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

மிக்க நன்றியுடன்,
ஞாயிறு நடைக் குடும்பங்களின் சார்பில்,
வெள்ளவத்தை, கொழும்பு