கல் கேட்ட மகனுக்கு

பாம்பன்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். நிற்க.

உன் புதிய கடல்நீர்த் தொட்டிக்காகக் குருசடைத்தீவுப் பக்கமிருந்து கொஞ்சம் உயிருள்ள பாறை, அதாவது நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளக் கல், எடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தாய். அதை நான் அனுப்பப் போவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பவளமோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே வரிசையில் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல காலம் பவளப்பாறையை வெட்டியெடுத்த கடல் இது. பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லித் தீவும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. எஞ்சியிருப்பதிலிருந்து ஒரு கல்கூட நம் வீட்டின் வழியாக வெளியே போகக் கூடாது.

நீ அந்தக் கல்லை ஏன் கேட்டாய் என்பது, மீன்குஞ்சு பொரிப்பகத் தொட்டிகளோடு காலம் கழித்த எனக்குத் தெரியாததல்ல. மீனின் செவுள் வழியே வெளியேறும் நச்சு அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், அதை இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை அந்தக் கல்லில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. காய்ந்த பாறையிலும் அவை வந்து குடியேறும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர். வாலிநோக்கம் உப்பளத்து உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடும் என்று எண்ணாதே. பாத்தியில் நீர் வற்றும்போது சுண்ணச்சத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்பே படிந்துவிடுகிறது. மக்னீசியம் உப்பு வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. ஆகவே மீன் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் உப்புத்தன்மைக்குக் கொண்டு வா. வெப்பம் 26 பாகையை ஒட்டி இருக்கட்டும்.

அடுத்து பாக்டீரியாவுக்கு உணவு. தொட்டியில் ஓர் இறாலைப் போட்டு அழுகவிடும் பழைய வழியிலும் காரியம் நடக்கும். ஆனால் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்பது நம் கையில் இருக்காது, வீடும் நாறும். எனக்கு நம்பிக்கையானது அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம். அதுவும் ஆய்வகத்துக்கு விற்கும் தூய உப்பு. 100 லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். விரைந்து முடிய வேண்டுமென்று அதை அள்ளிப் போடாதே; 5 மில்லிகிராமைத் தாண்டினால் பாக்டீரியாவின் வளர்ச்சியே தடைபடும்.

அதன்பின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சோதனைக் குழாயில் நிறம் பார். பல டெஸ்ட் கிட்டுகளில் அம்மோனியா இருந்தால் மஞ்சள் பச்சையாக மாறும். அந்தப் பச்சை வெளிறத் தொடங்கும் நாட்களில் நைட்ரைட் குழாய் நீலத்திலிருந்து ஊதாவுக்கு ஏறும். இரண்டாவது வகை பாக்டீரியா மெதுவாகவே பெருகும் என்பதால், ஊதா நிறம் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது நீ சலித்துப் போவாய். அப்போது எதையும் மாற்றாமல் இருப்பதே நல்லது. நைட்ரைட் மிகுந்திருக்கும் வரை நைட்ரேட் சோதனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம்ப வேண்டாம். பாறை மேல் பழுப்புப் பொடி படிந்தால் அது டயட்டம் பாசி, தானே போய்விடும். விளக்கை மட்டும் அணைத்து வை.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால், சரக்கு உயிரோடு இருக்கும் பட்சத்தில் நாட்கள் குறையும். ஊற்றிய சில நாட்களுக்கு நுண்ணுயிரைக் கொல்லும் யு.வி. விளக்கையும், கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்திவிடு. நண்பரின் பழைய தொட்டியிலிருந்து பில்டர் பஞ்சு வாங்கிப் போடுவது அதைவிட உறுதியான வழி. ஆனால் அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும் வாங்கு.

விலை குறைந்த டாம்செல் மீனை முதலில் விட்டு அதன் கழிவால் தொட்டியைப் பழக்கச் சொல்வார்கள், அதைச் செய்யாதே. கடல்நீரின் பி.எச். (அமில-கார அளவு) 8.2 என்று காரப்பக்கம் இருப்பதால், நன்னீரில் மீன் தாங்கும் அம்மோனியாகூட இங்கு செவுளை எரித்துவிடும்.

2 மில்லிகிராம் அம்மோனியா இட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே இல்லை என்று காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடியை விடு. உணவில்லாமல் பாக்டீரியா மடிந்துவிடும் என்பதால் வெற்றுத் தொட்டியாக நாட்களைக் கடத்தாதே. அடுத்த மீனை இரண்டு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பாக்டீரியாவுக்கும் பிராணவாயு வேண்டும். உன் தெருவில் மின்வெட்டு அடிக்கடி வருவதாகச் சொன்னாய், காற்று பம்பை இன்வெர்ட்டரோடு இணைத்துவிடு.

அன்புடன்,
அப்பா