மோட்டார் மேலே வரட்டும், ஆள் கீழே போக வேண்டாம்

அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் வளாகத்து எஸ்டிபியை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) ஓட்டுகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் எழுதுகிறோம். ஆண்டு பட்ஜெட் போடும் முன் தயவுசெய்து படியுங்கள்.

ஆள் இறங்க நேர்வது பெரும்பாலும் கழிவுநீர் முதலில் வந்து சேரும் கலெக்‌ஷன் டேங்கில்தான். அடியில் கிடக்கும் மோட்டார் அடைத்துக்கொள்ளும். தூக்கிப் பார்த்தால் நாப்கினும் வெட் வைப்ஸும் மோட்டாரின் சுழலும் இறக்கையான இம்பெல்லரைச் சுற்றிக் கயிறாக முறுக்கியிருக்கும். மோட்டாரை வெறும் ஹோஸில் தொங்கவிட்டிருந்தால் தூக்கவே வராது. உடனே யாரையாவது இறங்கச் சொல்கிறார்கள். மோட்டார் வழுக்கி ஏறி இறங்கும் கைடு ரெயிலும், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) சங்கிலியும், மேலே தூக்குவதற்கு ஒரு செயின் பிளாக்கும் இருந்தால் இரண்டு பேர் தரையில் நின்றே தூக்கிக் கழுவி இறக்கிவிடலாம். ஸ்டாண்ட்பை மோட்டார் ஒன்றும், குழாய் வாயில் மேலிருந்து இழுத்தெடுக்கிற கூடைச் சல்லடையும் வேண்டும்.

ரெயில் பொருத்த ஒருமுறை உள்ளே போகத்தான் வேண்டும். அதை நாள் குறித்துச் செய்யுங்கள். லாரி வைத்து உறிஞ்சி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வரத்துக் குழாயை அடைத்து, மின்சாரத்தை நிறுத்தி பேனலில் பூட்டுப் போட வேண்டும். காற்றூதும் இயந்திரமான புளோயரின் காற்றைக் குழாய் வழியாகத் தொட்டியின் அடிவரை செலுத்த வேண்டும். வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் அளக்க வேண்டும்: ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 10 பங்கைத்) தொடக் கூடாது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வழக்கத்தை இன்றோடு விடுங்கள். காற்றில் 5 சதவீதம் மீத்தேன் இருந்தாலே வெடிக்கும்.

மூக்கையும் நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு சுமார் 100 பிபிஎம் ஆனால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றதால் காற்று நல்லதென்று ஆகாது. மீட்டர் பூஜ்யம் காட்டினாலும், அடியில் இறுகிய கசடைக் கிளறிய நொடியில் வாயு குபீரென்று கிளம்பும். அதனால் மீட்டர் இறங்குபவரின் மார்பிலேயே இருக்க வேண்டும். முழு உடல் பெல்ட்டை இறங்கும் முன்பே மாட்டி, மேலே முக்காலியில் உள்ள, கயிறு சுற்றித் தூக்கும் வின்ச்சில் இணைக்க வேண்டும். உள்ளே சாய்ந்தவரைத் தூக்க வெறும் கையோடு குதிப்பவரும் அங்கேயே விழுவார். துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது, வடிகட்டி பொருத்திய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ஆக்சிஜன் தராது.

கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ஏரேஷன் டேங்க் பக்கம் இடுப்புயரக் கைப்பிடியும், புளோயரை நிறுத்தும் சுவிட்ச்சும் வையுங்கள். குமிழி நிறைந்த தண்ணீரில் நீச்சல் தெரிந்தவருக்கும் மிதப்பது கடினம்.

ஒப்பந்ததாரர்தான் ஆள் அனுப்பினார் என்பது பதிலாகாது. பாதுகாப்புக் கருவியின்றி நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை இறக்குவதை கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு.

இந்த வாரம் மூடியைத் திறக்கச் சொல்லி, தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். சங்கிலி தெரியாவிட்டால் அடுத்த அடைப்புக்கு முன் வாங்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
எஸ்டிபி இயக்குவோர், பராமரிப்போர்