ஊருக்கே பொதுவான வெந்நீர்

அன்புள்ள சுமதி,

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. போன வாரம் நானும் இவரும் ஜப்பானிலேயே கினொசாகி என்கிற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போய், ரியோகான் என்கிற பழைய பாணி விடுதி ஒன்றில் தங்கிவிட்டு வந்தோம், அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்தேன்.

கியோட்டோவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். சின்ன ஊர், நடுவே ஆறு, ஊருக்குப் பொதுவாக ஏழு வெந்நீர்க் குளியல் கூடங்கள். விடுதியில் தங்குகிறவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. யுகாதா என்கிற மெல்லிய பருத்தி அங்கியும் கெதா என்கிற கட்டைச் செருப்பும் விடுதியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். யுகாதாவில் இடப்பக்கம் மேலே வர வேண்டும், மாற்றிக் கட்டினால் இறந்தவர்களுக்கு உடுத்துகிற மாதிரி ஆகிவிடும் என்று விடுதி அம்மா வந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

பெண்களுக்குத் தனி இடம்தான், ஆனால் ஒட்டுத்துணி கூடாது. குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை துளிகூட இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டியில் கால் வைக்கலாம். கையிலிருக்கும் சின்னத் துண்டு தண்ணீரில் படக்கூடாது என்று மடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரே கூச்சம். ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார், அப்புறம் போய்விட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஊர்க்காரர்களின் பிடிவாதம்தான். 1925 பூகம்பத்தில் ஊரே எரிந்துபோயிருக்கிறது. மறுபடி கட்டும்போது, 1927இல் ஒரு விடுதி தன் இடத்திலேயே ஊற்று எடுத்து உள்ளேயே குளியல் வைக்கப் பார்க்க, வெந்நீர் ஊருக்குப் பொது என்று ஊர் திரண்டு வழக்குக்குப் போய்விட்டது. 1950இல்தான் சமரசம் ஆனது: விடுதிக்குள் குளியல் இருக்கலாம், ஆனால் சின்னதாக. அதனால்தான் இன்றைக்கும் சாயங்காலமானால் விடுதிகளில் தங்குகிறவர்கள் எல்லோரும் யுகாதாவோடு தெருவில் இறங்கி நடக்கிறார்கள், கடைகளிலும் கூட்டம். தண்ணீரைப் பங்குபோட்டுக்கொண்ட ஊர் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை நண்டுக் காலம், இவருக்குக் கொண்டாட்டம். நீ சைவம் என்பதால் அறை போடும்போதே சொல்லிவிட வேண்டும், காய்கறியைக்கூட மீன் சாற்றில்தான் வேகவைப்பார்கள். சாப்பிட்டு வருவதற்குள் தத்தாமி என்கிற பாய்த் தரையில் மெத்தை விரித்து வைத்துவிடுகிறார்கள்.

உன் மகன் கையில் பச்சை குத்தியிருக்கிறானே, வேறு பல ஊர்களில் குளிக்க விடமாட்டார்கள். இங்கே பொதுக் கூடங்களில் தடையில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு வா. எப்போது லீவு கிடைக்கும் என்று மட்டும் சீக்கிரம் எழுது, குளிர்காலத்தில் அறை கிடைப்பது கஷ்டம்.

அன்புடன்,
மாலா