கடைசி வயலிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கும்போது, அதன் நீர்மட்டத்தைத் தங்கள் நாளிதழ் தினமும் வெளியிடுகிறது. முழு மட்டமான 120 அடியில் இன்று எத்தனை அடி என்பது காவிரி டெல்டாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் என் வயலில் தண்ணீர் பாயுமா என்பதை அந்த எண் சொல்லாது. ஊர் வாய்க்கால்தான் சொல்லும்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனத்தில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் சாகுபடி செய்கிறேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், அது மதகுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றைத் தூர்வாரித் தூர்வாரி அதன் தரை இறங்கிவிட்டது. மதகு பழைய மட்டத்திலேயே நிற்க, அதன் பின்னால் வாய்க்கால் மண்மேடிட்டுக் கிடக்கிறது. ஆறு கரை தொட்டு ஓடினால்தான் உள்ளே ஏறும். முறை வைத்து விடும் தண்ணீரில் ஆறு எங்கே கரை தொடுகிறது? கண்ணெதிரே ஆறு ஓட, டீசல் இன்ஜின் வைத்து இறைக்கிறோம்.

அணையை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28. அதன்பின் முழுதாக நான்கரை மாதம் இருக்கிறது. தூர்வாரும் வேலையோ சித்திரை கழியும்போதுதான் சூடு பிடிக்கிறது. ஆறுகளையும் பெரிய ஏ, பி வாய்க்கால்களையும் முடித்து, அவற்றிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகும் சிறிய சி, டி வாய்க்கால்களுக்கு இயந்திரம் வருவதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. 2022-இல் மே 24-ஆம் தேதியே மேட்டூர் திறக்கப்பட்டது. மகிழ்ந்தோம், ஆனால் எங்கள் வாய்க்காலில் அந்த ஆண்டு ஒரு கூடை மண்கூட எடுக்கப்படவில்லை. எடுக்கும் ஆண்டுகளிலும் மண்ணைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் அது திரும்ப உள்ளே சரிகிறது.

ஜூன் தண்ணீரை நம்பிய குறுவை நெல் போனால் போகட்டும் என்றும் இருக்க முடியாது. இங்கே பல வாய்க்கால்கள் வடிகாலாகவும் இருப்பவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெங்காயத்தாமரை அடைத்து, கடலும் எதிர்த்து நின்றால், நட்டு இருபது நாளான சம்பா ஒரு வாரம் மூழ்கி அழுகிவிடும். தண்ணீர் இல்லாமல் ஒரு போகம், தண்ணீர் வடியாமல் இன்னொரு போகம். இரண்டுக்கும் காரணம் தூர்ந்துபோன அதே வாய்க்கால்தான்.

என் தந்தை காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்குவார்கள். கடைசி வயலில் தொடங்கி, மதகை நோக்கி வெட்டிக்கொண்டே போவார்கள். கடைசி வயலுக்கு ஏறும் மட்டம் எதுவோ அதுதான் வாய்க்காலின் மட்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று வேலை மேலிருந்து தொடங்குகிறது, பணமும் நாளும் தீர்ந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடம் எப்போதும் எங்கள் ஊராகவே இருக்கிறது.

அரசுக்கு எங்கள் வேண்டுகோள் இது: நிதியைத் தை மாதத்திலேயே ஒதுக்குங்கள். சம்பா அறுவடை முடிந்ததும், மார்ச் மாதத்தில், கடைமடை சி, டி வாய்க்கால்களில் முதல் இயந்திரம் இறங்கட்டும். மதகுகளின் மட்டத்தையும் அப்போதே அளந்து சரிசெய்யுங்கள். எந்த வாய்க்காலில் எத்தனை மீட்டர் வேலை என்ற விவரத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அளந்து பார்க்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
நாகப்பட்டினம் மாவட்டம்.