மும்பை கலா கோடாவில் அப்பாவைப் பிடித்து வைத்தவர்களுக்கு

வியாழக்கிழமை ஓவியக் கேலரி உலாவுக்கு வந்திருந்த எல்லோருக்கும்,

அப்பா நலம். சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேப்பரை வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறார். உலாவின் நடுவில் அவர் காணாமல் போய்க் கிடைத்தது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஏன் போனார் என்று பலர் கேட்டீர்கள். சமோவாரைத் தேடித்தான். ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்குள் 1964-இல் தொடங்கிய அந்தக் கஃபேயை 2015-இல் மூடிவிட்டார்கள். பக்கத்து ஃபோர்ட் பகுதியில் வேலை பார்த்த காலத்தில் அப்பாவுக்குச் சாயங்காலம் என்றாலே அதுதான். டீ குடிக்கப் போன இடத்தில்தான் ஓவியப் பைத்தியமும் தொற்றிக்கொண்டது என்பார். மறதி வந்த பிறகு அவர் கணக்கில் 2015 என்ற வருடமே இல்லை. வியாழக்கிழமை உலாவுக்கு அவரை அழைத்து வருவதே, அந்தத் தெருக்களில் அவர் முகம் தெளிகிறது என்பதால்தான். நாமெல்லாம் சர்ச்கேட் ஸ்டேஷன் பக்கமும் ரீகல் தியேட்டர் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் ஜஹாங்கீர் வாசலில் நின்று சமோவாருக்கு வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கேட்டது, நடைபாதையில் முகம் வரைந்து தரும் ஓவியர் ஒருவரிடம். அது மூடிப் பல வருஷம் ஆச்சு என்று சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருக்க மாட்டார், கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பார். அந்த மனிதர் அப்படிச் சொல்லவில்லை. "உட்காருங்க காகா, டீ வருது, அதுக்குள்ள உங்களை வரைஞ்சுடறேன்" என்று இந்தியில் சொல்லி, தன் ஸ்டூலைக் கொடுத்திருக்கிறார். ஒரு கட்டிங் சாயும், அதாவது அரை கிளாஸ் டீயும், வரவழைத்திருக்கிறார்.

அப்புறம் வரைந்தார், வரைந்துகொண்டே இருந்தார். சட்டென்று ஒரு முகத்தை முடித்துக் கொடுக்கிற கை, அப்பாவின் காதுக்கு மட்டும் அவ்வளவு நேரம் எடுத்தது. மீசையை அழித்து அழித்துப் போட்டார். படம் முடிந்தால் பெரியவர் எழுந்து போய்விடுவார் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அப்பாவின் சட்டைப்பையில் இருந்த அட்டையைப் பார்த்து எனக்குப் போன் செய்தது பக்கத்தில் இருந்த இன்னொரு ஓவியர். வீட்டில் ஓரிடத்தில் உட்காராத என் அப்பா, "அசையாதீங்க காகா" என்ற ஒரு வார்த்தைக்கு அப்படியே இருந்தார்.

நான் போய்ச் சேர்ந்து பணத்தை நீட்டினால், படம் இன்னும் முடியவில்லையே, எதற்குக் காசு என்கிறார். பெயரும் சொல்லவில்லை.

ஜஹாங்கீர் 1952-இலிருந்து இருக்கிறது. உள்ளே ஒரு சுவர் கிடைக்க ஓவியர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கிடைக்காதவர்களில் பலர் வெளியே வேலியோரம் மாட்டி வைக்கிறார்கள். உலா என்றால் நம் கால் நேராக ஏசி அறைகளுக்குத்தான் போகிறது. இனி எங்கள் வீட்டு உலா நடைபாதையில்தான் தொடங்கும். மாதம் ஒரு முகமாவது வரையச் சொல்லி, கேட்ட காசைக் கொடுக்கப்போகிறேன். பேரம் கிடையாது. அப்பாவின் படத்தையும் முடிக்கச் சொல்ல வேண்டும்.

கேலரிகளின் கிடங்கு, கழிப்பறை எல்லாம் திறந்து பார்த்த பெண்களுக்கும், கேமரா பதிவைப் போட்டுக் காட்டிய வாட்ச்மேன்களுக்கும், பதறாமல் பேசிய கான்ஸ்டபிளுக்கும், பாதி உலாவை விட்டுவிட்டு ஸ்டேஷன் வரை போய்த் தேடிய மாட்டுங்கா, சயான் நண்பர்களுக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல முடியவில்லை, மன்னியுங்கள்.

ஒரு உதவி இன்னும் வேண்டும். எங்களை டாக்ஸியில் ஏற்றிவிட்டு மாட்டுங்கா வரைக்குமான பணத்தை முன்கூட்டியே கொடுத்தது யார்? தயவுசெய்து சொல்லிவிடுங்கள். மற்ற எதுவும் நினைவில்லை, இதை மட்டும் அப்பா தினமும் கேட்கிறார். கடன் வைப்பது அவருக்குப் பிடிக்காது.